எங்கள் அப்பாவின் சாவையும் கணக்கில் எடுங்கள்: துயிலும் இல்லப் பணிக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எமது பிரதேசத் துயிலும் இல்லப் பணிக்குழுவின் தலைவருக்கும் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இந்தக் கார்த்திகை (நவம்பர்) 27ஆம் திகதி, மாவீரர் நாளில், போரில் இறந்த போராளிகளை விதைத்த எங்கள் துயிலும் இல்லத்தில் நிறுத்தப்போகும் பெயர்ப் பலகையில் எங்கள் அப்பாவின் பெயரைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அம்மா ஆடி மாதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதத்துக்கு ஒரு வரிப் பதில்கூட எழுத்தில் வரவில்லை. சந்தையில் கண்ட உங்கள் உறுப்பினர் ஒருவர்தான், நாலு பேர் கேட்க, முடிவைச் சொன்னார். "2009 மே மாதத்தோடு பட்டியல் முடிந்தது. அதற்குப் பிறகு செத்தவர்களையும் எடுத்தால் எங்கே போய் நிற்பது? அதோடு அவர் தடுப்புக்குப் போய் வந்தவர்."

2009 மே, போர் முடிந்த மாதம். தடுப்பு என்பது போராளிகளாக இருந்தவர்களை அரசு அடைத்து வைத்த முகாம். அம்மா மறுபேச்சுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அதனால் நான் பேசுகிறேன். தனியாக வந்து கேட்டால் அந்தப் பதிலும் தனியாகவே முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். அப்பாவின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. உங்களுக்கு அவரைத் தெரியும். வேறு யார் கண்ணில் அந்தப் பெயர் படக்கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அப்பா 2022 ஆவணியில் இறந்தார். மரணச் சான்றிதழில் கிருமித் தொற்று என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். 2009 பங்குனியில் புதுமாத்தளனில் எங்கள் தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்த செல்லின் துண்டு ஒன்று அவருடைய முள்ளந்தண்டில் ஏறியது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. உணர்வில்லாத உடம்பில் புண் வந்தால் நோவு தெரியாது. நோவு தெரியாததால் புண் ஆழமாகும். சிறுநீர் தானாகப் போகாது. கதீற்றர் போட வேண்டும். அந்தக் குழாய் வழியாகக் கிருமி ஏறும். கிருமி மீண்டும் மீண்டும் ஏறினால் சிறுநீரகம் பழுதாகும். முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் பலர் கடைசியில் இப்படித்தான் போகிறார்கள். இது வன்னியில் தெரியாத விடயம் இல்லை. பங்குனியில் விழுந்த அந்தச் செல் பதின்மூன்று வருடம் எடுத்து எங்கள் அப்பாவைக் கொன்றது. நீங்கள் கோடு கீறியிருக்கும் திகதிக்கு முன்னரே அவருடைய சாவு தொடங்கிவிட்டது.

களத்தில் விழுந்தவருக்கு மட்டுமே இடம் என்ற விதி எப்போது வந்தது? முதல் மாவீரர் என்று நாங்கள் நினைவுகூரும் சங்கர், காயத்தோடு தமிழகத்துக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகுதான், 1982 கார்த்திகை 27இல் உயிர் விட்டார். அந்த நாளைத்தான் 1989இலிருந்து மாவீரர் நாளாக வைத்திருக்கிறோம். 2006 மார்கழியில் விடுதலைப் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இலண்டனில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்குத் 'தேசத்தின் குரல்' என்ற மதிப்பு வழங்கப்பட்டது. நோயில் போனவர் என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. வைத்தியசாலைக் கட்டிலில் வாரக்கணக்காகக் கிடந்து கண்மூடியவர்களும் துயிலும் இல்லங்களில்தான் விதைக்கப்பட்டார்கள். வாரக்கணக்கில் செத்தவருக்கு இடம் உண்டு, வருடக்கணக்கில் செத்தவருக்கு இல்லை என்றால் எத்தனையாவது மாதத்தில் அந்த உரிமை பறிபோகிறது என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

இனி, தடுப்பு. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

அப்பாவைக் காயத்தோடு புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றினார்கள். அம்மாவையும் என்னையும் தம்பியையும் ஏற்ற இடமிருக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. நாங்கள் சித்திரையில் நீரேரியைக் கடந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்தோம். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பது பல மாதங்கள் தெரியாது. அவரோ வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து நேராகத் தடுப்புக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார். நடக்கக்கூட முடியாத மனிதர் தடுப்புக்குப் "போனார்" என்று எப்படிச் சொல்ல முடிகிறது? அரசாங்கத்தின் கணக்கிலேயே சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் அந்த முகாம்களுக்குள் இருந்து வந்தவர்கள். பூந்தோட்டம், பம்பைமடு, வெலிக்கந்த, கந்தக்காடு என்று அந்த இடங்களின் பெயர்கள் எங்கள் வீடுகளில் உறவினர்களின் ஊர்ப் பெயர்களைப் போலப் புழங்குகின்றன. அங்கிருந்து வந்ததே குற்றம் என்றால் இந்தப் பிரதேசத்தில் எத்தனை ஒழுங்கைகளில் நீங்கள் தலை நிமிர்ந்து நடக்க முடியும்?

2011இல் அப்பா வீட்டுக்கு வந்தார். வீடு என்பது அப்போது நாலு தடியும் தகரமும். அவர் வந்த பிறகு புலனாய்வுப் பிரிவினர் வந்து போவார்கள். யார் வருகிறார்கள், யார் பேசுகிறார்கள், வெளிநாட்டிலிருந்து யார் அழைக்கிறார்கள் என்று கேட்பார்கள். அவர்கள் வருவதைப் பார்த்து அயலவர்கள் வருவதைக் குறைத்தார்கள். அயலவர்கள் வராததைப் பார்த்து, "இவரிடம் அவர்கள் ஏன் அடிக்கடி போகிறார்கள்?" என்று ஊரில் கதைத்தார்கள். படையினருக்கு அவர் இன்னும் புலி. ஊருக்கு அவர் ஆட்காட்டியாக இருக்கக்கூடும். இரண்டு பக்கத்தின் சந்தேகத்தையும் சுமந்துகொண்டு அந்த மனிதர் பதினொரு வருடம் எங்கள் படலைக்குப் பக்கத்தில் சைக்கிள் திருத்தினார். அவர் வாயால் எந்த வீட்டுக்காவது ஒரு கெடுதல் வந்தது என்று காட்ட உங்களில் ஒருவராவது இருக்கிறீர்களா? இருந்தால் வந்து சொல்லுங்கள். இல்லையென்றால் சந்தையில் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள்.

அவரைப் போராளியாக மட்டுமே உங்களுக்குத் தெரியும். தெரிந்ததும் பாதிதான். 1990இல் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியபோது, பத்தொன்பது வயதில், வயலை விட்டுவிட்டுப் போனவர். 1997இல் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கையில் புளியங்குளப் பக்கத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அதற்குப் பிறகு களஞ்சியத்தில் கணக்கு எழுதும் வேலை. 1998இல் அம்மாவைக் கலியாணம் செய்தார். அவருடைய முதல் செயற்கைக் கால் வெண்புறா நிறுவனத்தில் செய்தது. அந்தக் காலோடுதான் என்னைத் தூக்கிக்கொண்டு வற்றாப்பளைப் பொங்கலுக்கு நடந்தார் என்று அம்மா சொல்லுவார். இயக்கம் செய்த எல்லாமே சரி என்று அவர் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது பிழை, அந்தத் தாய்மாரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தம்பிக்கும் எனக்கும் சொன்னவர். அப்படிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளும் உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். இருக்கத்தான் வேண்டும்.

இப்போது அவர் அப்பாவாக இருந்ததைச் சொல்கிறேன். எனக்குச் சொல்வதற்கு இதுதான் அதிகம்.

தடுப்பிலிருந்து வந்த முதல் மாதத்திலேயே, அம்மா விடியப் புறத்தில் கூலி வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், எனக்குத் தலை பின்னுவது அவர் வேலையானது. நான் நிலத்தில் இருப்பேன், அவர் சக்கர நாற்காலியில் இருந்தபடி பின்னுவார். ஆரம்பத்தில் இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் நிற்கும். பாடசாலையில் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்ததும் சணல் கயிற்றைக் கட்டிலின் காலில் கட்டிப் பின்னிப் பழகினார். சைக்கிள் வேலையால் விரல் இடுக்குகளில் கிறீஸ் ஏறியிருக்கும். என் வெள்ளைச் சட்டையில் பட்டுவிடும் என்று தேசிக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் சீப்பை எடுப்பார்.

ஒட்டுப் போட வருகிற பிள்ளைகளிடம் காசு வாங்க மாட்டார். பாடசாலைச் சீருடையில் வந்தால் இலவசம் என்பது அவருடைய சட்டம். கோணிய சில்லைக் கம்பி முறுக்கி நேராக்கும்போது என்னைப் பக்கத்தில் இருத்தி வாய்ப்பாடு கேட்பார், பிறகு பின்னக் கணக்கு, பிறகு கேத்திரகணிதம். சில்லும் கம்பியும் கையில் இருக்கும்போது வட்டத்தின் தேற்றங்களைச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு இலகு என்று இன்று பாடசாலையில் கணிதம் கற்பிக்கும்போது எனக்கு விளங்குகிறது. தனியார் வகுப்பு முடிந்து நான் வரும் நேரத்துக்கு, மழையோ இருளோ, வண்டியை உருட்டிக்கொண்டு பிரதான வீதி முகப்புக்கு வந்து நிற்பார். முகாம்களும் சோதனைச் சாவடிகளும் நிறைந்திருந்த காலத்தில் ஒரு பெண்பிள்ளையின் தகப்பன் அந்த இருட்டில் எதை நினைத்துக்கொண்டு நின்றிருப்பார் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆபத்து ஒன்று வந்திருந்தால் எழுந்துகூட நிற்க முடியாதவர். ஆனாலும் வந்து நின்றார்.

நான் உயர்தரம் படித்த காலத்தில்தான் முதலாவது பெரிய படுக்கைப் புண் வந்தது. நாற்காலியில் இருக்கும்போது கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரள வேண்டும், புண் வந்துவிட்டால் அது ஆறும்வரை குப்புறக் கிடக்க வேண்டும் என்று தாதியர் சொல்லியிருந்தார்கள். குப்புறக் கிடந்தால் சைக்கிள் திருத்த முடியாது. சைக்கிள் திருத்தாவிட்டால் என் வகுப்புக் காசு இல்லை. அதனால் அவர் இருந்தார். புண்ணுக்கு மேலே இருந்து வேலை செய்தார். சாரத்தில் ஈரம் ஊறியதை அம்மா கண்டுபிடித்த நாளில் வீட்டில் பெரிய சண்டை. அடுத்த நாள் காலையில் மீண்டும் நாற்காலியில் இருந்தார். நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தியை வைத்தியசாலைக் கட்டிலில் வைத்துத்தான் அவரிடம் சொன்னேன்.

அந்த வருடங்களில் உங்களில் எவரும் எங்கள் படலையைத் திறக்கவில்லை. ஒரு காலத்தில் காயப்பட்ட போராளிகளுக்கு நவம் அறிவுக்கூடம் போன்ற இடங்கள் இருந்தன. 2009க்குப் பிறகு அப்படி எதுவும் இல்லை. மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிறார்கள். அவர்களின் அறிவுரையால்தான் அப்பா இவ்வளவு காலம் இருந்தார் என்று நினைக்கிறேன். காயப்பட்ட இராணுவத்தினருக்கு அரசு ஓய்வூதியம் கொடுக்கிறது. கொடுக்கட்டும், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுக் கொடுப்பனவு மட்டும்தான். கதீற்றர், பை, பஞ்சு, மருந்து கட்டும் துணி என்று வெளியில் வாங்க வேண்டியிருந்ததற்கு அது போதவில்லை.

2016 கார்த்திகையில் கிளிநொச்சி கனகபுரம் துயிலும் இல்லத்திலும் வேறு இடங்களிலும் சனம் நீண்ட காலத்துக்குப் பிறகு வெளிப்படையாகக் கூடியபோது, எங்கள் துயிலும் இல்லத்துக்கும் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். இராணுவம் இயந்திரம் விட்டு இடித்த கல்லறைகளின் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்திருந்தீர்கள். அந்த வேலைக்காக உங்களை நான் இன்றும் மதிக்கிறேன். பயமில்லாத காலத்தில் செய்த வேலை இல்லை அது. ஆனால் அன்று மழை. உள்ளே போகும் வழி முழுக்கச் சேறு. நாற்காலியின் சில்லுகள் நுழைவாயிலிலேயே புதைந்துவிட்டன. தம்பியும் நானும் இழுத்துப் பார்த்தோம், முடியவில்லை. மணி ஒலித்து, அகவணக்கம் முடிந்து, 6.07க்குப் பொதுச்சுடர் ஏறியபோது அவர் வேலிக்கு வெளியே இருந்தார். தன்னோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவர்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கியில் பேசியவர்கள் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அதற்கு அடுத்த வருடங்களிலும் அந்த வழி அப்படியேதான் இருந்தது.

2022இல் நாடே எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றபோது அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. ஓட்டோக்காரரிடம் பெற்றோல் இல்லை. வைத்தியசாலையில் கொடுக்க வேண்டிய மருந்தை வெளியில் வாங்கச் சொன்னார்கள்; வெளியிலும் தட்டுப்பாடு. அவருடைய நிலையிலிருந்த பலருக்கும் அந்த வருடம் அப்படித்தான் போனது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மெதுவாகப் பேசிவிட்டுப் போனார்கள். அவர் எந்த மண்ணுக்காகக் காலையும் முதுகையும் கொடுத்தாரோ அந்த மண்ணில் அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஒருவர் எழுந்து நின்று இரண்டு வசனம் பேசவில்லை. பயம் என்று அப்போது நினைத்தோம். இப்போது உங்கள் பட்டியலைப் பார்த்த பிறகு, பயத்தைவிட வேறொன்றும் இருக்கிறது என்று தோன்றுகிறது. செத்தவர்களை வணங்குவது எங்களுக்கு இலகுவாகிவிட்டது. காயத்தோடு பிழைத்து வந்தவரைப் பார்ப்பது சங்கடமாகிவிட்டது. செத்தவர் மருந்து கேட்க மாட்டார், பிழைகளைப் பற்றிப் பேச மாட்டார். எங்கள் அப்பா இரண்டையும் செய்தார்.

அவருக்கு மாவீரர் என்ற பெயரைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெயரை அவரே தனக்கு ஏற்றிருக்க மாட்டார். அதன் எல்லையை உங்களோடு இருந்து விவாதிக்க அம்மாவும் நானும் தயார். ஆனால் போர்க்காயத்தால் 2009க்குப் பிறகு இறந்தவர்களுக்கென்று அதே பலகையில், அதே உயரத்தில், ஒரு பகுதி வேண்டும். பின்பக்கத்தில் வேண்டாம். அதில் எங்கள் அப்பாவின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. இந்தப் பிரதேசத்தில் அவரைப் போலப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளிடமும் கேட்டு எழுதுங்கள். கார்த்திகை 27ஆம் திகதி அவர்களுக்கும் சுடர்கள் வேண்டும். பெற்றோரை அழைத்துத் தென்னங்கன்று கொடுத்து மதிப்பளிக்கும் நிகழ்வுக்கு இவர்களின் மனைவிமாரையும் பிள்ளைகளையும் அழையுங்கள்.

"தடுப்புக்குப் போய் வந்தவர்" என்று சொன்னவர், சொன்ன அதே சந்தையில் வேண்டாம், எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். அந்தச் சொல்லைப் பட்டியலுக்கான தகுதியாக இனி எடுப்பதில்லை என்று குழு எழுத்தில் தர வேண்டும்.

துயிலும் இல்லத்தின் வாயிலிலிருந்து பொதுச்சுடர் மேடை வரைக்கும் கிறவல் போட்டு இறுக்கிய பாதை ஒன்று இந்த மழைக்கு முன்னர் வேண்டும். சக்கர நாற்காலியும் மூன்று சில்லு வண்டியும் போகும் அகலத்தில் இருக்கட்டும். பாதைக்கான கிறவல் ஏற்றும் செலவில் எங்கள் குடும்பத்தின் பங்கை நான் தருகிறேன், தம்பி வேலைக்கு வருவான்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியம். இந்தப் பிரதேசத்தில் முள்ளந்தண்டு காயத்தோடும், கண் இல்லாமலும், கை கால் இல்லாமலும், உடம்பில் இன்னும் செல் துண்டோடும் இருக்கும் முன்னாள் போராளிகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன தேவை என்று வீடு வீடாகப் போய்ப் பதியுங்கள். அந்தப் பதிவு வெளியே போகாமல் காப்பாற்றுங்கள். உள்ளூரிலும் புலம்பெயர்ந்த உறவுகளிடமிருந்தும் நிகழ்வுக்குச் சேரும் பணத்தில் ஒரு பங்கை அவர்களின் காற்று மெத்தைக்கும் கதீற்றருக்கும் புண்ணுக்கு மருந்து கட்டும் செலவுக்கும் ஒதுக்குங்கள். அலங்கார வளைவு ஒன்று குறைந்தால் துயிலும் இல்லத்தில் இருப்பவர்கள் கோபிக்க மாட்டார்கள். உங்கள் மேடைக்கு வரும் பாராளுமன்ற உறுப்பினர்களிடம், போரில் உடலுறுப்பை இழந்த எல்லோருக்கும் எந்தப் பக்கம் என்று பாராமல் வாழ்நாள் கொடுப்பனவு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை ஊருக்குச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தின் திகதியை எங்களுக்கு அறிவியுங்கள். அம்மாவும் நானும் வருகிறோம். அம்மாவின் ஆடி மாதக் கடிதத்துக்கான பதிலை, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், காரணத்தோடு எழுத்தில் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மகள்